பையனைத் தடுக்காத சட்டம் பெற்றோரைத் தடுக்கலாமா?

பீன்யாவில் இரண்டாவது ஷிப்டு முடித்து நள்ளிரவில் வீடு திரும்புகிறார் அப்பா. விடியற்காலையில் வீட்டு வேலைக்குப் புறப்பட்டு விடுகிறார் அம்மா. பள்ளிக்கூடம் விட்ட பிறகு பையன் யாரோடு சுற்றினான்? இருவருக்கும் தெரியாது.

ஒரு நாள் அவன் சட்டைப் பையில் கஞ்சாப் பொட்டலம் கிடைக்கிறது. "போலீசுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்?" என்று பெற்றோர் நடுங்குகிறார்கள். அதை வாங்கியபோது பையனுக்கு அந்தப் பயம் இருந்ததா?

கடும் தண்டனை

போதைப் பொருள் தடுப்புச் சட்டம் 1985-ம் ஆண்டு நவம்பர் 14-ந் தேதி, குழந்தைகள் தினத்தன்று அமலுக்கு வந்தது. 20 கிலோவுக்கு மேல் கஞ்சா வைத்திருந்தால் 10 முதல் 20 ஆண்டு வரை சிறை. ஒரு கிலோவுக்கு உட்பட்டால்கூட ஓராண்டு வரை சிறை, அல்லது 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. 18 வயதுக்கு உட்பட்டவர்களின் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும்.

ஆனால் முதல் இழுப்பு பெரும்பாலும் சிநேகிதன் கையிலிருந்துதான் வருகிறது. அந்த நேரத்தில் எந்தப் பையனும் தண்டனையைக் கணக்குப் போடுவதில்லை.

அமெரிக்கா, போர்ச்சுகல்

அமெரிக்காவில் 1979-ல் பள்ளி இறுதி வகுப்பு மாணவர்களில் பாதிப் பேர், அதற்கு முந்தைய ஓராண்டில் கஞ்சா புகைத்ததாகக் கூறினர். 1992-ல் இது ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது. 1986-ல் அங்கே சட்டம் கடுமையாக்கப்படும் முன்பே சரிவு தொடங்கிவிட்டது. "இது உடம்பைக் கெடுக்கும்" என்ற எண்ணம் மாணவர்களிடையே பரவியதே முக்கிய காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

போர்ச்சுகல் நாடு 2001-ல் சொந்த உபயோகத்துக்கான சிறிதளவு போதைப் பொருளுக்குச் சிறைத் தண்டனையை நீக்கியது. பலர் பயந்தபடி இளைஞர்கள் போதையில் மூழ்கிவிடவில்லை.

அப்படியானால் சட்டமே வேண்டாமா? வேண்டும். சுலபமாகக் கிடைக்கும் பொருளைத்தான் சிறுவர்கள் நாடுகிறார்கள். சாதாரணக் கடைகளில் கிடைக்கும் ஒயிட்னர், தின்னர், பஞ்சர் ஒட்டும் சொலூஷன் போன்றவற்றை முகர்பவர்கள் பெரியவர்களில் 0.58 சதவீதம், 10 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 1.17 சதவீதம். 2019-ல் வெளியான மத்திய அரசின் ஆய்வு தந்த கணக்கு இது. ஆகவே, விற்பவனைப் பிடிப்பதில்தான் சட்டத்துக்கு வேலை அதிகம்.

திறந்திருக்கும் கதவு

வழக்குப் பயத்தால் பல பெற்றோர் விஷயத்தை மூடி மறைக்கிறார்கள். பையனை ஊருக்கு, பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். இதனால் சிகிச்சை தள்ளிப் போகிறது.

சிகிச்சைக்கு வருவது குற்றமல்ல. இதே சட்டத்தின் 64-ஏ பிரிவு, போதைக்கு அடிமையானவர் அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால், உபயோகித்த குற்றத்துக்கும் சிறிதளவு வைத்திருந்த குற்றத்துக்கும் வழக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தச் சலுகை ரத்தாகலாம்.

பெங்களூர் ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இதற்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது. 14446 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றி போன் செய்தும் யோசனை கேட்கலாம்.

பொட்டலம் கிடைத்த வீட்டில் அன்று அடி உதை வேண்டாம். "யார் கொடுத்தது? எத்தனை நாளாக?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். மறுநாள் அரை நாள் லீவு போட்டாவது டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.