பசுமைக் கட்டடத்தை ஓட்டுவது யார்?

பசுமைக் கட்டடம் பற்றி நம்மில் பலர் செமினார் எடுத்திருப்போம். ஸ்லைடில் சோலார் பேனல், மழைநீர் சேகரிப்பு, சென்சார் விளக்கு எல்லாம் இருக்கும். ஆனால் கட்டி முடித்த பிறகு அதைத் தினமும் ஓட்டப்போவது யார் என்ற ஸ்லைடு மட்டும் இருக்காது. நல்ல மைலேஜ் தரும் பைக்கை ஃபர்ஸ்ட் கியரிலேயே ஓட்டினால் என்ன ஆகும்? கட்டடத்துக்கும் அதே கதைதான்.

போன வருடம் இன்டர்ன்ஷிப்புக்காக ஓர் அலுவலகக் கட்டடத்துக்குப் போயிருந்தேன். வாசலிலேயே பசுமைச் சான்றிதழ் மாட்டியிருந்தார்கள். மூன்றாவது மாடிக்கு ஏசி காற்றை அனுப்பும் ஏ.எச்.யு. அறைக்குள் போனால், ஃபேனின் வி.எஃப்.டி. ஆட்டோவில் இல்லை. மேனுவலில், முழு 50 ஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டிருந்தது. ஆபரேட்டர் அண்ணனிடம் கேட்டேன்.

"தம்பி, ஆட்டோல போட்டா இந்த மாடியில புழுக்கமா இருக்குன்னு போன் மேல போன் வரும். ஃபுல் ஸ்பீடு வச்சேன், போன் நின்னுடுச்சு."

இப்போது கொஞ்சம் கணக்கு. ஃபேன் எடுக்கும் பவர், வேகத்தின் மூன்றாம் படியைப் பொறுத்தது. 50 ஹெர்ட்ஸிலிருந்து 40-க்குக் குறைத்தால் 0.8 × 0.8 × 0.8 = 0.512. அதாவது வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் பவர் ஏறக்குறைய பாதியாகிவிடும். வி.எஃப்.டி. வாங்குவதே இதற்காகத்தான். மேனுவலில் போட்ட அன்றே அந்த மிச்சம் போச்சு.

சரி, ஆட்டோவில் ஏன் புழுங்கியது? பேசிக்கொண்டே இருந்தபோது அண்ணனே சொன்னார்: "போன வருஷம்தான் நடுவுல தடுப்புச் சுவர் போட்டாங்க." போய்ப் பார்த்தால், வெப்பநிலை சென்சார் தடுப்புக்கு அந்தப் பக்கம், காலியாகக் கிடந்த சின்ன அறைக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. அங்கே எப்போதும் ஜில். அதை நம்பி கன்ட்ரோலர் ஃபேனைக் குறைத்தது. இந்தப் பக்கம் நாற்பது பேர் வியர்த்தார்கள். சென்சாரை இடம் மாற்றினார்கள், பிரச்சினை தீர்ந்தது.

யோசித்துப் பாருங்கள். தடுப்புச் சுவர் வந்தது அண்ணனுக்குத் தெரியும். ஃபேன் எந்த சென்சாரைக் கேட்டு ஓடுகிறது என்பது தெரியாது. சிஸ்டம் போட்ட இன்ஜினியருக்கு சென்சார் தெரியும், சுவர் தெரியாது. இரண்டு பேரின் அறிவையும் ஒரே இடத்தில் சேர்ப்பதுதான் பயிற்சி.

ஏசி மட்டுமல்ல, எங்கும் இதேதான்

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். "ராத்திரி புளோயரை நிறுத்தினா கரண்ட் மிச்சம்" என்று யாருக்கும் தோன்றும். ஆனால் தொட்டிக்குள் வேலை செய்வது பாக்டீரியா. மணிக்கணக்கில் காற்று இல்லாவிட்டால் அவற்றின் வேலை கெடும், நாற்றம் வரும், அந்தத் தண்ணீரை ஃபிளஷுக்கு விட முடியாது. கடைசியில் லாரித் தண்ணீர் வாங்க வேண்டும்.

மழைநீர் சேகரிப்பும் அப்படித்தான். தமிழ்நாட்டில் 2003-ல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கினார்கள். ஆனால் குழியில் உள்ள மணலும் ஜல்லியும் சேறு அடைத்துக்கொண்டால் தண்ணீர் கீழே இறங்காது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் சுத்தம் செய்ய வேண்டும் என்று அந்த வேலையைச் செய்பவருக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

பயிற்சி எப்படி இருக்கணும்?

வழக்கமாக என்ன நடக்கிறது? ஒப்படைக்கும் நாளில் இரண்டு மணி நேரம் ஆங்கிலத்தில் பி.பி.டி. பிறகு தடிமனான மேனுவல் பீரோவுக்குள். ஆறு மாதத்தில் கான்ட்ராக்ட் மாறும், கேட்டவரும் போய்விடுவார். இதற்குப் பதிலாக:

1. வகுப்பறையில் வேண்டாம், இயந்திரத்துக்கு முன்னால் நடத்துங்கள். வால்வை அவரே திருப்பட்டும்.

2. "இதைத் தொடாதே" என்பதோடு நிறுத்தாமல், தொட்டால் என்ன ஆகும் என்று சொல்லுங்கள். காரணம் தெரிந்தவர் அவசரத்துக்கு மேனுவலில் போட்டாலும், மறக்காமல் ஆட்டோவுக்குத் திருப்புவார்.

3. ஒவ்வொரு இயந்திரத்துக்குப் பக்கத்திலும் தமிழில் ஒரே ஒரு பக்கம்: சரியான ரீடிங் எவ்வளவு, மாறினால் என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது. ஆள் மாறினாலும் அந்தப் பக்கம் அங்கேயே இருக்கும்.

4. அவரே அளந்து பார்க்க ஒரு வழி கொடுங்கள். ஒரு லிட்டர் அளவு ஜாடியில் காற்றூட்டும் தொட்டித் தண்ணீரை எடுத்து 30 நிமிடம் அசையாமல் வைத்தால், சேறு எந்தக் கோடு வரை படிகிறது என்று கண்ணாலேயே தெரியும். தினமும் குறித்து வைத்தால் தொட்டியின் உடல்நிலை கையில் இருக்கும்.

5. ஒரு நாளோடு முடிக்காதீர்கள். கோடைக்கு ஒரு முறை, மழைக்கு ஒரு முறை. பிரிட்டனில் பி.எஸ்.ஆர்.ஐ.ஏ. அமைப்பு 2009-ல் வெளியிட்ட 'சாஃப்ட் லேண்டிங்ஸ்' முறைப்படி, கட்டடத்தை ஒப்படைத்த பிறகும் மூன்று ஆண்டுகள் வரை வடிவமைத்த குழு கூடவே இருந்து கவனிக்கிறது.

நாளைக்கு நம்மில் யாராவது ஒரு கட்டடத்தை டிசைன் பண்ணுவோம். அன்றைக்கு டிராயிங்கில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், அதை ஓட்டப்போகிற அண்ணனையும் அக்காவையும் ஒரு முறை நினைத்துக்கொள்வோம். அதுவரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். இந்த வாரமே உங்கள் ஹாஸ்டல் பம்ப் ரூமுக்குப் போய், "இது எப்படிண்ணா ஓடுது?" என்று கேட்டுப் பாருங்கள். எந்த செமினாரிலும் வராத விஷயம் ஒன்றாவது கிடைக்கும்.