தோல்வியையும் சொல்லும் மேடை

மெட்டுகுடாவின் இரயில்வே குடியிருப்புப் பகுதியில் வாழும் நம் வாடிக்கையாளருள் ஓய்வுபெற்றோர் சிலர், மாணவர்களுக்கு ஊக்க உரையாற்ற விரும்புகின்றனர். எதைச் சொன்னால் பிள்ளைகள் நம்புவார்கள் என்பதே அவர்களது ஐயம். இதே ஐதராபாத்தில், 1982 முதல் டி.ஆர்.டி.எல். ஆய்வகத்தின் இயக்குநராகப் பணியாற்றிய அப்துல் கலாமை நாம் இங்கு நினைவுகூர்கிறோம்.

மாணவர் மேடைகளில் அவர் மீண்டும் மீண்டும் சொன்னது தம் தோல்வியைத்தான். 1979 ஆகஸ்ட் 10 அன்று, அவர் திட்ட இயக்குநராக இருந்த எஸ்.எல்.வி.-3 வங்கக் கடலில் விழுந்தது. ஏவுதலைக் கணினி நிறுத்திய பின்னும், ஏவலாம் என முடிவெடுத்தவர் தாமே என்பதை அவர் மறைத்ததில்லை. செய்தியாளர்முன் பொறுப்பேற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18 அன்று வெற்றி கிட்டியபோதோ, கலாமையே பேசுமாறு பணித்தார்.

நாளும் பிழையும் இவ்வளவு தெளிவாக இருக்கையில், கேட்பவர் ஐயுற இடமேது? பொன்மொழித் தொகுப்புகளுக்கு இந்த வலிமை இல்லை என்பது நம் கருத்து. நாற்பது ஆண்டுப் பணியில் தாம் தவறிய ஒரு நாள் எவருக்கும் இருக்கும்; அதிலிருந்து தொடங்கலாம். முதல் உரைக்கு இருபது நிமிடம் போதும். மாணவரின் கேள்விகளுக்கு அதனினும் கூடுதலாக ஒதுக்குங்கள்.