அரைக் குடம் தண்ணீர் குடிக்கும் தரை

காஞ்சிபுரத்தில் வீடு துடைப்பது என்றால் தண்ணீர். காவித் தரையோ, மொசைக்கோ, டைல்ஸோ, பக்கெட்டில் துணியை முக்கிப் பிழிந்து, குந்தியபடி பின்னோக்கி நகர்ந்து துடைத்தால்தான் துடைத்ததாகக் கணக்கு. வெள்ளிக்கிழமையானால் தண்ணீரைக் கொட்டிக் கழுவியே விடுவார்கள். இதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, மரத்தரையைச் சுத்தம் செய்ய வரும் தொழில்காரர் மேல் முதலில் சந்தேகம்தான் வரும். அவரிடம் பக்கெட்டே இருக்காது. பையைத் திறந்து முதலில் எடுப்பது, நுனியில் இரண்டு ஊசி நீட்டிக்கொண்டிருக்கும், கைபேசி அளவுள்ள ஒரு கருவி. மூலையில் ஒரு பலகையில் அதைக் குத்தி, திரையில் வரும் எண்ணைப் பார்க்கிறார். ‘இந்தத் தரை இப்போது எவ்வளவு தண்ணீர் குடித்திருக்கிறது?’ என்பது அவர் கேள்வி.

குடிக்கத்தான் செய்கிறது. பத்துக்குப் பத்தடி அறை ஒன்றில் 18 மில்லிமீட்டர் கனத்தில் தேக்குப் பலகை பாவியிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஈரமே இல்லாமல் நிறுத்தால் அந்த மரம் ஏறத்தாழ 100 கிலோ. காற்றின் ஒப்பு ஈரப்பதம், அதாவது அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை சதவீதம் இப்போது அதில் இருக்கிறது என்ற கணக்கு, 50 ஆக இருக்கும்போது மரம் தன் எடையில் சுமார் 9 சதவீதம் நீரை வைத்திருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்துக்கொண்டு அந்த எண் வாரக்கணக்கில் 80-இலேயே நின்றால், மரத்தின் ஈரம் 16 சதவீதத்தை நோக்கி ஏறும். வித்தியாசம் 7 கிலோ. அரைக் குடம் தண்ணீர்! யாரும் ஊற்றவில்லை, கூரையும் ஒழுகவில்லை. ஜன்னல் வழியாக வந்த காற்றிலிருந்தே தரை இதை உறிஞ்சியிருக்கிறது. வெயில் காலத்தில் சத்தமில்லாமல் திருப்பிக் கொடுத்தும் விடும்.

இவ்வளவு நீரும் எங்கே போய் ஒளிகிறது? மரம் என்பது இளநீர்க் கடையில் ஸ்ட்ராக்களைச் சேர்த்துக் கட்டி வைத்திருப்பார்களே, அப்படி ஒரு கட்டு. ஒவ்வொரு குழலும் ஒரு செல். காற்றிலிருந்து வரும் நீர் குழலின் உள்வெளியை நிரப்புவதில்லை. குழலின் சுவருக்குள் நுழைகிறது. சுவரில் உள்ள செல்லுலோஸ் இழைகளுக்கு நீர் மூலக்கூறு என்றால் தீராத ஈர்ப்பு. இழைகளுக்கு நடுவே நீர் போய் உட்கார, இழைகள் விலகிக் கொடுக்க, சுவர் தடிக்கிறது, மரம் உப்புகிறது. இப்படிச் சுவரோடு ஒட்டிக்கொண்ட நீருக்குக் கட்டுண்ட நீர் என்று பெயர். சுமார் 28 முதல் 30 சதவீதத்தில் சுவர் நிரம்பிவிடுகிறது. அதுதான் நார் நிறைவுப் புள்ளி. அதற்கு மேல் வரும் நீர் குழலின் வெற்றிடத்தில் சும்மா கிடக்கும், மரம் ஒரு மயிரிழைகூட உப்பாது. மழைக்காலத்தில் கதவு சாத்த முடியாமல் இறுகிக்கொள்வதும், கோடையில் அதே கதவு ஆடுவதும் இந்தப் புள்ளிக்குக் கீழே நடக்கிற கூத்து.

உப்புவதிலும் மரம் எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை. நீளவாக்கில் அது கிட்டத்தட்ட அசைவதே இல்லை. பச்சைத் தேக்கு எலும்பாகக் காயும்வரை, வளர்ச்சி வளையங்களைக் குறுக்கே வெட்டும் திசையில் சுமார் 2.5 சதவீதமும், வளையங்களை ஒட்டிய திசையில் 5.8 சதவீதமும் சுருங்கும். நம் அறைக்கு இதைப் போட்டுப் பார்க்கலாம். வளையத்தை ஒட்டி அறுத்த 10 சென்டிமீட்டர் அகலப் பலகை, கோடைக்கும் மழைக்கும் நடுவே 1.3 மில்லிமீட்டர் போல அகலும். அற்பம்தான். ஆனால் சுவருக்குச் சுவர் 30 பலகைகள் இருக்கின்றனவே! தடையே இல்லாவிட்டால் மொத்தம் 4 சென்டிமீட்டர். அதே மரத்தை வளையத்துக்குக் குறுக்காக அறுத்து வாங்கினால் இந்தக் கணக்கு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். விலை ஏன் கூடுதல் என்று டிப்போவில் வாதாடுகிறவர்கள் இந்த 4 சென்டிமீட்டரை நினைத்துக்கொள்வது நல்லது. நல்ல தச்சர்கள் இன்னொன்றும் செய்வார்கள்: தரையைச் சுவரோடு ஒட்டவே மாட்டார்கள். ஒரு விரற்கடை இடைவெளி விட்டு, அதன்மேல் சுவரோரச் சட்டத்தை அடித்து மறைத்துவிடுவார்கள். தரை நகர்வதற்காக விட்ட அந்தச் சந்து யார் கண்ணிலும் படாது.

மரத்தரைக்காரர்களுக்கான அமெரிக்கச் சங்கம் வீட்டின் ஒப்பு ஈரப்பதத்தை 30-க்கும் 50-க்கும் நடுவே வைத்துக்கொள்ளச் சொல்கிறது. பாலாற்றுப் படுகையில், வங்கக் கடலிலிருந்து அதிகத் தூரமில்லாத ஊரில், இது நடக்கிற காரியமா? ஆண்டு முழுவதும் இயந்திரம் ஓட்டினால்தான் உண்டு. இந்தியத் தர நிர்ணயம் இதில் நடைமுறை தெரிந்து நடந்துகொண்டிருக்கிறது. மரத்தின் ஈரத்துக்கான ஐ.எஸ். 287, நாட்டைக் காற்றின் ஈரத்தைப் பார்த்து நான்கு மண்டலங்களாகப் பிரித்து, அந்தந்த ஊருக்கு மரம் எவ்வளவு காய்ந்திருந்தால் போதும் என்று தனித்தனியே வரம்பு சொல்கிறது. ராஜஸ்தானுக்கு ஏற்ற பலகை காஞ்சிபுரத்தில் பொருமும். காஞ்சிபுரத்துக்கு ஏற்றது அங்கே வெடிக்கும்.

இந்த ஊரில் இன்னொரு பொருளும் அச்சு அசல் மரத்தைப் போலவே தண்ணீர் குடிக்கிறது. பட்டு! ஒப்பு ஈரப்பதம் 65 ஆக இருக்கும் அறையில் மரம் சுமார் 12 சதவீதம் நீரை வைத்துக்கொள்ளும், பட்டு 11 சதவீதம். ஒன்று மரத்தின் செல்லுலோஸ், மற்றது புழு நூற்ற புரதம். ரசாயனத்தில் தூரத்து உறவுகூட இல்லை. ஆனால் நீரைப் பிடித்துக்கொள்ளும் கொக்கிகள் இரண்டிலும் ஏராளம். குழித்தறியில் நெய்த சேலை சுருண்டுகொள்ளும் படமரமும், அதன்மேல் சுருளும் சேலையும், ஒரே மழையில் கிட்டத்தட்ட ஒரே அளவு தாகத்தோடு கிடக்கின்றன. நெசவாளர் கால் இறக்கி மிதிகட்டையை மிதிக்கும் அந்தக் குழி மண்ணுக்குள் இருப்பதால் அங்கே ஈரம் திடீரென்று ஏறி இறங்காது. தறிக்கு அது தோதான இடம், மழைத் தண்ணீர் குழிக்குள் இறங்காதவரை. பட்டின் தாகத்தில் பெரும் பணமும் இருக்கிறது: ஈரமில்லாமல் 10 கிலோ நிற்கும் பட்டு, சாதாரண அறையில் 11 கிலோவுக்கு மேல் நிற்கும். தண்ணீருக்குப் பட்டு விலை கொடுக்கக்கூடாது என்றுதான் பிரான்சின் லியோன் நகரத்தில் 1805-இல் அரசு உத்தரவுப்படி ஒரு நிலையமே அமைத்தார்கள். பட்டைக் காய வைத்து எடை போட்டு, முறையான ஈரத்தைக் கணக்கில் கூட்டி, அதற்குத்தான் விலை.

நம்மவரின் ஊசிக் கருவிக்கு வருவோம். காய்ந்த மரம் மின்சாரத்தைக் கடத்தாது, ஈரமரம் கடத்தும். இரண்டு ஊசிகளுக்கு நடுவே உள்ள மின்தடையைத்தான் அது அளக்கிறது. ஈரம் 7 சதவீதத்திலிருந்து 25-க்கு ஏறும்போது இந்தத் தடை பல்லாயிரம் மடங்கு விழுந்துவிடுவதால், கையடக்கக் கருவியே ஒரு சதவீத வித்தியாசத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். எண் சரியாக இருந்தால் அடுத்த வேலை ஈரமே படாமல் பெருக்குவது. தெருமண்ணில் உள்ள குவார்ட்ஸ் துகள், சமையலறைக் கத்தியின் எஃகையே கீறக்கூடியது. தரையின் மேல் உள்ள பாலியூரித்தேன் படலமோ சுமார் 0.1 மில்லிமீட்டர், ஒரு தாளின் கனம். மண் கிடக்கும்போதே துணி போட்டுத் தேய்த்தால் அந்தத் துணி உப்புத்தாள் ஆகிவிடும். அதனால் மென்தூரிகை வைத்த வேக்குவம், அதன்பின் உலர்ந்த மைக்ரோஃபைபர். இந்த இழை தலைமுடியில் ஏழில் ஒரு பங்குக்கும் மெல்லியது, அதுவும் நீளவாக்கில் பிளந்தது. பிளவின் கூரிய ஓரங்கள் அழுக்கை வழித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். கடைசியாகத்தான் நீர், அதுவும் புகைபோல. அமிலமும் காரமும் இல்லாத கரைசலைத் துணியின் மேல் தெளித்து, மரத்தின் ரேகையை ஒட்டி இழுக்கிறார். அறை முழுவதற்கும் ஒரு டம்ளர் பிடிக்காது. துடைத்த இடம் ஒன்றிரண்டு நிமிடத்தில் காய வேண்டும். பினாயில் கிடையாது, வினிகர் கிடையாது. டிவி விளம்பரத்தில் ஜோராகத் தெரியும் நீராவி மாப் அறவே கூடாது. பலகையின் முகத்தில்தான் படலம் உண்டு. இரண்டு பலகை சேரும் சந்தில் பெரும்பாலும் இல்லை. நீராவி அந்தச் சந்துக்குள் தன்னைத்தானே திணித்துக்கொள்ளும்.

கறையைப் பார்த்ததும் அவர் முதலில் பார்ப்பது நிறத்தை. காப்பி டம்ளர் வைத்த இடத்தில் வெள்ளை வட்டம் என்றால் நிம்மதி: ஈரம் மேல் படலத்தோடு நின்றுவிட்டது, இதமான சூட்டில் பல நேரம் தானே மறையும். கருப்பு வட்டம் என்றால் நீர் மரத்தைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். ஓக், கருவேலம் போன்ற மரங்களில் உள்ள டானின் எனும் துவர்ப்புப் பொருளும், ஆணியிலிருந்தோ பூந்தொட்டித் தாங்கியிலிருந்தோ கசிந்த இரும்பும் ஈரத்தில் சந்தித்தால் கன்னங்கரேலென்று ஒரு சேர்மம் பிறக்கும். சாயக்காரர்கள் கடுக்காய்ச் சாற்றில் இரும்பைச் சேர்த்துக் கறுப்பு எடுக்கிறார்களே, அதே வேதியியல். பழைய காலத்து எழுத்து மையும் இதுதான். எவ்வளவு தேய்த்தாலும் போகாத இந்தக் கறுப்பு, ஆக்சாலிக் அமிலம் பட்டால் கண்ணெதிரே வெளிறும். வேலியோரப் புளியாரையின் புளிப்பில் இருக்கும் அமிலம்தான் அது. இரும்பைக் கவ்விக்கொண்டு வந்துவிடுகிறது.

இவர் பொறுமையைச் சோதிப்பது வேறொன்று. தரையின் அடிப்பக்கம் ஈரமாகி மேற்பக்கம் காய்ந்திருந்தால், அடி உப்பி, ஒவ்வொரு பலகையும் ஓரம் தூக்கி நடுவில் குழிந்துகொள்ளும். வெறுங்காலில் நடந்தால் கீற்றுக் கீற்றாகத் தட்டுப்படும். வீட்டுக்காரர் உடனே இழைத்துச் சமமாக்கச் சொல்வார். இழைத்தால் அன்றைக்குச் சமம்தான். ஆனால் தூக்கியிருந்த ஓரங்களைத்தானே இயந்திரம் தின்றிருக்கிறது? அடுத்த சில மாதங்களில் அடிப்பக்கம் காய்ந்து பலகை பழையபடி படியும்போது, ஓரம் மெலிந்து, நடு முதுகு போலப் புடைத்து நிற்கும். அதனால் தெரிந்தவர் செய்வது ஒன்றும் செய்யாமல் இருப்பது. ஈரம் வந்த வழியை அடைத்து, மின்விசிறியை ஓடவிட்டு, மேலும் கீழும் ஊசி ஒரே எண்ணைக் காட்டும்வரை வாரங்களானாலும் காத்திருக்கிறார். அவர் கட்டணத்தில் எனக்கு மலிவாகத் தோன்றுவது இந்தக் காத்திருப்புக்கான பகுதிதான்.

மரத்துக்குத் தண்ணீர் இவ்வளவு பகையா என்று காஞ்சிபுரத்தில் கேட்டால், வரதராஜப் பெருமாள் கோயில் பக்கம் கை காட்டுவார்கள். அங்கே அனந்தசரஸ் குளத்தின் அடியில் இருக்கும் அத்திவரதர், அத்தி மரத்தில் செய்த திருவுருவம். 1979-இல் வெளியே எழுந்தருளி மீண்டும் நீருக்குள் சென்றவர், நாற்பது ஆண்டு கழித்து 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் தரிசனம் தந்தார். ஊரே திணறியது. கூட்டத்தில் நின்ற எத்தனையோ பேர் மனதில் ஓடியிருக்கும் கேள்வி: இத்தனை ஆண்டு தண்ணீரில் கிடந்த மரம் எப்படி மக்காமல் இருக்கிறது?

மரத்தை மக்கவைப்பது நீர் இல்லை, பூஞ்சை. பூஞ்சைக்கு நீரும் வேண்டும், பிராணவாயுவும் வேண்டும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது தாகத்தில் தவிக்கும். அடைமழையிலும் நம் தரை 16-இல் நிற்பதால்தான் பிழைக்கிறது. மறுபக்கம், செல்குழல்கள் எல்லாம் நீரால் நிறைந்துவிட்டால் அதற்கு மூச்சு முட்டும். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் பிராணவாயு உண்டு. ஒரு லிட்டர் நீரில் அதிகபட்சமே ஏழரை மில்லிகிராம்தான். அதுவும் அசையாத நீருக்குள் காற்றில் பரவுவதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் ஊர்ந்து போகும். சேற்றில் இன்னும் மோசம். பிராணவாயு இல்லாமல் வாழத் தெரிந்த சில பாக்டீரியாக்கள் மட்டும் அங்கே மரத்தைச் சுரண்டிக்கொண்டிருக்கும், நூற்றாண்டுக் கணக்கில், நிதானமாக.

அத்தியைத் தேர்ந்தது இன்னும் ருசிகரம். காற்றில் வைத்தால் அத்தி நீடித்து உழைக்காத, மென்மையான மரம்; தச்சர்கள் வாசல் நிலைக்கு அதை எடுக்க மாட்டார்கள். ஆனால் நீருக்குள் நன்றாகத் தாங்கும் என்று பழைய வனவியல் நூல்களே குறித்திருக்கின்றன. கிணற்றின் அடியில் வைக்கும் மரச்சட்டத்துக்கு இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். மூங்கிலை வெட்டியதும் குளத்தில் ஊறப்போடும் கிராமத்து வழக்கமும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. மரத்திலுள்ள மாவுச்சத்தையும் சர்க்கரையையும் நீர் கரைத்துக்கொண்டு போய்விடும். தின்ன ஒன்றும் இல்லாத மரத்தை வண்டு துளைப்பதில்லை, மரம் உளுப்பதில்லை.

முழுக்கக் காய்ந்ததும் தாங்கும், முழுக்க நனைந்ததும் தாங்கும். ஆபத்தெல்லாம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் பயணத்தில் இருக்கிறது. சுவீடனின் வாசா போர்க்கப்பல் 1628-இல் கன்னிப் பயணத்திலேயே ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் மூழ்கி, 333 ஆண்டு கழித்து 1961-இல் ஓக் மரம் கட்டுக்குலையாமல் மேலே வந்தது. அப்படியே காயவிட்டிருந்தால் செல்குழல்கள் நசுங்கி, சட்டங்கள் கோணி வெடித்திருக்கும். நீர் வெளியேறும் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும் பாலிஎத்திலீன் கிளைகால் என்ற மெழுகுபோன்ற பொருளை 17 ஆண்டுகள் விடாமல் தெளித்தே அதைக் காப்பாற்றினார்கள். அந்தக் கணக்கில் 48 நாள் என்பது ஒரு தடித்த மரத்துக்குக் கண்மூடித் திறக்கும் நேரம். உள்ளே இருக்கும் ஈரம் அதற்குள் வாசல்வரைகூட வந்திருக்காது.

வருவதற்கு மரத்தில் வாசலும் எல்லாப் பக்கமும் இல்லை. குழல்கள் நீளவாக்கில் ஓடுவதால் நீர் அந்தத் திசையில், குறுக்கே போவதைவிட, பத்துப் பதினைந்து மடங்கு வேகமாகப் போகும். மரம் குடிப்பதும் விடுவதும் பெரும்பாலும் வெட்டுமுனை வழியாகத்தான். வெடிப்பும் அங்கேதான் தொடங்கும். டிப்போவில் அடுக்கிய கட்டைகளின் முனையில் மட்டும் பெயிண்ட் அடித்து வைத்திருப்பதற்கு அதுதான் காரணம். மரத்தரைக்காரர் வேலை முடித்துக் கிளம்புமுன் டார்ச்சை அடித்துப் பார்ப்பதும் அறையின் நடுவை இல்லை. சமையலறை வாசலிலும் பால்கனிக் கதவடியிலும், பலகைகளின் முனை முனையோடு சேரும் மூட்டுகளைத்தான். நீளப் பக்கம் பளபளவென்று இருக்கும்போதே அங்கே மட்டும் ஒரு விரல் அகலத்துக்குக் கருத்திருந்தால், மேலே இருந்து யாரோ பக்கெட்டோடு துடைத்திருக்கிறார்கள்.