சூட்டைத் தாங்கும் நிறம்

காரின் பானட்டைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது, எஞ்சினின் தலையை மூடியிருக்கும் டாப்பெட் கவர். ஹோண்டாவின் டைப் ஆர் கார்களில் அது பளிச்சென்ற சிவப்பு. பழைய செவர்லே எஞ்சின்களை ஆரஞ்சு நிறத்தை வைத்தே அடையாளம் சொல்லிவிடுவார்கள். சாதாரணக் கார்களிலோ, வருடக்கணக்கில் எண்ணெயும் தூசியும் ஏறிக் கறுத்துக் கிடக்கும். அலுமினியத்தில் வார்த்த கவர் என்றால் கழற்றி வீட்டிலேயே பெயின்ட் அடிக்கலாம். ஆனால் இரும்புக் கேட்டுக்கு வாங்கிய பெயின்ட்டில் மீந்ததை இதற்கு அடித்தால் சீக்கிரமே பழுத்து உரியும். காரணம், சூடு.

எஞ்சின் முழுக்க ஒரே சூட்டில் இருப்பதில்லை. ரேடியேட்டர் தண்ணீர் 90 டிகிரி செல்சியஸை ஒட்டி ஓடுகிறது. டாப்பெட் கவரும் டைமிங் கவரும் ஏறத்தாழ அதே அளவிலோ சற்றுக் கூடுதலாகவோ சுடும். புகை வெளியேறும் மேனிஃபோல்ட் பல நூறு டிகிரிக்குப் போய்விடும். ஆகவே பெயின்ட்டும் இரண்டு வகை. கவர்களுக்கு, சுமார் 250 டிகிரி வரை தாங்கும் எஞ்சின் எனாமல் போதும். மேனிஃபோல்டுக்கு 600 டிகிரி தாங்கும் சிலிகோன் பெயின்ட் வேண்டும். சாதாரண பெயின்ட்டில் பிசினின் முதுகெலும்பு கார்பன் சங்கிலி. சூடு ஏறினால் அது கருகி அறுந்துவிடும். சிலிகோனில் அந்த இடத்தில் சிலிக்கனும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்திருக்கின்றன. இந்தப் பிணைப்பை அறுக்க அதிக ஆற்றல் தேவை.

பெயின்ட் அடித்தால் சூடு வெளியேறாதே என்று சிலர் தயங்குவார்கள். மெல்லிய பூச்சுக்கு அந்தப் பயம் வேண்டாம். பளபளக்கும் வெற்று அலுமினியம் வெப்பத்தைக் கதிராக வீசுவதில் மிக மந்தம். பெயின்ட் பூசிய பரப்பு அதைவிடப் பல மடங்கு நன்றாக வீசும். எப்படியும் எஞ்சின் உலோகத்தில் ஏறும் சூட்டைப் பெருமளவு சுமந்து போவது ரேடியேட்டர் தண்ணீர்தான்.

அலுமினியத்தில் பெயின்ட்டைப் பிடிக்க வைப்பதுதான் பெரிய வேலை. அதன் மேல் எப்போதும் ஓர் ஆக்சைடு படலம் இருக்கும். அதற்கும் மேலே எண்ணெய். முதலில் மண்ணெண்ணெய் அல்லது டீசலில் தேய்த்துப் பிசுக்கை எடுக்க வேண்டும். அவையே எண்ணெய்ப் படலம் விடுபவை என்பதால் அடுத்து சோப்புத் தண்ணீர். சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க எளிய வழி உண்டு: தண்ணீரை ஊற்றுங்கள். விரிந்து ஒரே படலமாக நின்றால் சுத்தம். முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. மேலே அடிக்கும் பெயின்ட் அந்த இடங்களில் விலகிக் குழி குழியாக நிற்கும்.

பிறகு 320 நம்பர் உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, தின்னரால் துடைத்து, எட்ச் பிரைமர் அடிக்கலாம். அதிலுள்ள பாஸ்பாரிக் அமிலம் உலோகத்தை லேசாக அரித்துப் பிடிப்பு உண்டாக்கும். அந்தப் பிரைமரும் சூடு தாங்குமா என்று டின்னில் பார்த்துக்கொள்ளுங்கள். கேஸ்கெட் உட்காரும் விளிம்பையும் போல்ட் துளைகளையும் முன்பே டேப் ஒட்டி மறைக்க வேண்டும். கவரின் உட்புறத்தில் ஒரு துளிகூடப் படக்கூடாது. அங்கே உரியும் செதில் ஆயிலோடு இறங்கி, ஆயில் தேங்கும் சம்ப்பில் இருக்கும் சல்லடையை அடைத்துவிடும்.

ஸ்ப்ரே டின்னை, உள்ளே குண்டு உருளும் சத்தம் கேட்ட பிறகும் ஓரிரு நிமிடம் குலுக்கி, 25 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து அடிக்க வேண்டும். முதல் கை பனி விழுந்த மாதிரி இருந்தால் போதும். பத்து நிமிட இடைவெளியில் இன்னும் இரண்டு கை. அடுத்த கையை ஒரு மணி நேரத்துக்குள் அடி, தவறினால் சில நாள் பொறு என்று பல டின்களில் எழுதியிருக்கும். காய்ச்சிய பாலில் ஆடை படிவதுபோல மேல்பரப்பு முதலில் இறுகும். அடியில் ஈரம் இருக்கும். அந்த நேரத்தில் புதிய கரைப்பான் மேலே பட்டால், இறுகிய தோல் ஊறி உப்பிச் சுருங்கிப் போகும். வேடிக்கை என்னவென்றால், இதே சுருக்கத்தை வேண்டுமென்றே வரவழைக்கும் பெயின்ட்டும் உண்டு. டைப் ஆர் கவரின் சிவப்பு அந்த வகை. வார்ப்பில் உள்ள சிறு குறைகளை அந்தச் சுருக்கம் மறைத்துவிடும்.

மழை நாளில் இந்த வேலை வேண்டாம். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, பூச்சு பால் நிறமாக வெளுத்துவிடும்.

கடைசியாக மேலே அடிக்கும் நிறமற்ற கிளியர் கோட் நிறத்துக்குக் கவசம். மெட்டாலிக் நிறத்திலுள்ள அலுமினியத் துகள்களை அது கறுக்காமல் காக்கும். கவரில் புடைத்திருக்கும் எழுத்துகளை மட்டும் தேய்த்து உலோகத்தை மின்ன விட்டிருந்தால் அந்த மினுமினுப்பையும் காக்கும். ஆனால் கிளியரும் எஞ்சினுக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். சாதாரண லாக்கர் சூட்டில் மஞ்சளடிக்கும். மேனிஃபோல்டுக்குக் கிளியரே வேண்டாம். ஹார்ட்னர் கலக்கும் இரட்டைக் கலவைக் கிளியர் பெட்ரோலுக்கும் அசையாதது. ஆனால் அதிலுள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கக் கூடியது. துணி முகமூடி அதைத் தடுக்காது. அந்த வேலையைத் தகுந்த பாதுகாப்பு உள்ள பெயின்டிங் பட்டறைக்கு விடுவதே நல்லது. வீட்டுக்கு ஒற்றை டின் கிளியர் போதும். அதையும் திறந்த வெளியில், அடுப்போ பொறியோ இல்லாத இடத்தில், கரைப்பான் ஆவியைத் தடுக்கும் முகமூடி போட்டுக்கொண்டு அடியுங்கள்.

தொட்டால் ஒட்டாத நிலை ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். முழுதாக இறுகச் சூடு தேவை. சமையலறை அடுப்பில் வைக்காதீர்கள். சில நாள் காயவிட்டு, புதிய கேஸ்கெட்டோடு மாட்டினால், மிச்சத்தை எஞ்சினின் சூடே முடித்துவிடும். அழகு ஒரு பக்கம் இருக்கட்டும். அழுக்கேறிய எஞ்சினில் எங்கிருந்து ஆயில் கசிகிறது என்று மெக்கானிக்கே தேட வேண்டியிருக்கும். வெளிர் நிறம் பூசிய கவரில் முதல் சொட்டே காட்டிக் கொடுத்துவிடும்.