வித்தில்லா முந்திரிகையும் குளிர்நாடுகளும்

முந்திரிகைக் கொடியைப் பெருக்குவதற்கு வித்து வேண்டியதில்லை. தண்டின் துண்டொன்றே போதும். ஆதலின் வித்தற்ற கனியைத் தருங் கொடியும் பன்னூறாண்டுகளாக அழியாது நிலைத்து வந்துள்ளது. ஆயின், புதியதோர் இனத்தை ஆக்க முயல்வோர்க்கு இது பெருந்தடையாகும். இரு கொடிகளின் இயல்புகளை ஒன்றுசேர்க்க இனக்கலப்பு வேண்டும்; இனக்கலப்பிற்கோ வித்து இன்றியமையாதது.

‘சுல்தானா’ என்றும் ‘தொம்சன்’ என்றும் வழங்கும் வித்தில்லா வகை வெப்பமும் வறட்சியும் மிக்க நிலங்களுக்கே உரியது. கடும் பனிக்காலத்தில் அதன் அரும்புகள் மடிந்துவிடும். வட அமெரிக்காவின் ஆற்றங்கரைகளில் வளருங் காட்டு முந்திரிகையோ பூச்சியத்துக்குக் கீழ் 35 பாகை சதம அளவைக் குளிரையுந் தாங்கவல்லது; ஆனால், அதன் கனி சிறியது, புளிப்பு மிக்கது, வித்து நிறைந்தது. முன்னதன் இனிமையைப் பின்னதன் வன்மையோடு கூட்டுவதே ஆராய்ச்சியாளர் நோக்கம். கனியின் நயங் கூடுந்தோறும் கொடியின் வன்மை குன்றுவது இம்முயற்சியின் நீங்காத இடர்.

இயற்கை ஒரு வழியை விட்டுவைத்திருக்கிறது. தொம்சன் பூவின் மகரந்தம் நலமுடையது, கருக்கட்டலும் நிகழ்கிறது. அதன் பின்னரே முளையம் வளர்ச்சி குன்றி மடிய, வித்தின் சுவடு மாத்திரம் கனியுள் எஞ்சுகிறது. ஆகவே, அது தாயாகாவிடினும் தந்தையாகலாம். நியூ யோக் மாநிலத்து ஜெனீவா ஆராய்ச்சி நிலையத்தார், குளிரை ஓரளவு தாங்கும் ‘ஒன்ராறியோ’ என்னும் வித்துள்ள வகையைத் தாயாகவும் தொம்சனைத் தந்தையாகவுங் கொண்டு, ‘இன்ரர்லேக்கன்’ வகையை 1947 இலும், தேனொத்த சுவையுடைய ‘ஹிம்றொட்’ வகையை 1952 இலும் வெளியிட்டனர். விஸ்கொன்சின் மாநிலத்து உழவரான எல்மர் சுவென்சன், 1943 இல் தொடங்கித் தம் ஆயுள் முழுவதும் இப்பணியில் உழைத்தார். காட்டு முந்திரிகையின் வன்மையை அவர் துணையாகக் கொண்டார். அவர் ஆக்கிய ‘சொமர்செற்’ என்னும் வித்தில்லா வகை ஹிம்றொட்டினும் மிகுந்த குளிரைத் தாங்குவது. கொடித் துண்டுகளைக் கேட்டோர்க்கெல்லாம் மனமுவந்து வழங்கிய அவரது பெருந்தன்மை தனியே போற்றத்தக்கது.

எனினும், தாய் வித்துள்ளதாயிருக்கும் வரை வழித்தோன்றல்களுட் சிறுபகுதியே வித்தற்றவையாக அமையும். அவை எவையென அறியக் கொடி காய்க்கும் வரை சில ஆண்டுகள் காத்திருத்தல் வேண்டும். எஞ்சியவற்றைப் பிடுங்கி எறிவதே வழக்கம். 1980 களிற் கலிபோர்ணியாவில் உருப்பெற்ற முறையொன்று இந்நிலையை மாற்றியது. வித்தற்ற கொடியின் இளங்காயினின்றும் சூல்வித்தை எடுத்து, முளையம் மடியுமுன் பரிசோதனைக் குழாயில் ஊட்டங் கொடுத்து வளர்ப்பதே அம்முறை. இதனால் தாயும் தந்தையும் வித்தற்றவையாயிருத்தல் இயல்வதாயிற்று. வித்தற்ற வழித்தோன்றல்களின் தொகையும் பெருகிற்று. ஆயின், பூத்தபின் எத்தனையாம் நாளிற் காயைப் பறிப்பதென்பது வகைக்கு வகை வேறுபடும்: முந்தினால் முளையம் முதிர்ந்திராது, பிந்தினால் மடிந்திருக்கும்.