மனுவில் ‘பொருள்’ எழுதுவது எப்படி?

திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்துக்கு மனுவோடு போகிறவர்கள் பெரும்பாலும் உள்ளே எழுதும் விஷயத்துக்குத்தான் மெனக்கெடுகிறார்கள். எத்தனை வருஷமாக அலைகிறோம், யார் யாரைப் பார்த்தோம், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று இரண்டு பக்கம் வரும். மேலே ‘பொருள்’ என்ற இடத்தில் மட்டும் ‘கோரிக்கை மனு’ என்றோ, ‘எங்கள் ஊர் குறைகள் தொடர்பாக’ என்றோ எழுதி முடித்துவிடுவார்கள். மனு எந்த மேசைக்குப் போகும் என்பதை முதலில் தீர்மானிப்பது அந்த ஒரு வரிதான்.

குறைதீர்க்கும் நாளில் வாங்கும் மனுக்களைப் பதிவு செய்து, துறைவாரியாகப் பிரித்து, சம்பந்தப்பட்ட அலுவலருக்கு அனுப்புகிறார்கள். பிரிக்கிறவர் முன்னால் பெரிய குவியல் இருக்கும். இரண்டு பக்கத்தையும் படித்து அவரே சாரம் எடுத்துக்கொள்வார் என்று நம்பி எழுதக் கூடாது. அவருடைய வேலையை நாம் சுலபமாக்கினால் நம் வேலையும் சீக்கிரம் நடக்கும்.

கிராமத்தில் தெருவிளக்கு எரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். ‘மின்சாரப் பிரச்சினை’ என்று எழுதினால் மனு மின்வாரியத்துக்குப் போய்விடக்கூடும். ஆனால் ஊராட்சியில் தெருவிளக்கைப் பராமரிக்க வேண்டியது ஊராட்சி நிர்வாகம். கம்பம் சாய்ந்திருந்தாலோ, கம்பி தாழ்வாகத் தொங்கினாலோதான் மின்வாரியம். ஏரி விஷயம் இன்னும் சிக்கல். தமிழ்நாட்டில் பாசனப் பரப்பு 40 ஹெக்டேருக்குக் குறைவான ஏரிகள் பொதுவாக ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, பெரியவை நீர்வளத் துறையின் பொறுப்பு. ‘ஏரி ஆக்கிரமிப்பு’ என்று மட்டும் எழுதினால் எந்த ஏரி, யாருடையது என்று கேட்டே மனு சுற்றிக்கொண்டிருக்கும்.

அரசுக் கடிதங்களிலேயே இதற்கு நல்ல வழி இருக்கிறது. விஷயம், இடம், குறை, கோரிக்கை என்று சிறு கோடு போட்டுப் பிரித்து எழுதுவார்கள். அதையே நாமும் எடுத்துக்கொள்ளலாம்:

பொருள்: தெருவிளக்கு – மேலத்தெரு, பள்ளிக்கூடம் எதிரில் – மூன்று விளக்குகள் இரண்டு மாதமாக எரியாதது – சரிசெய்யக் கோருதல் – தொடர்பாக.

உள்ளே ஒரு வரிகூடப் படிக்காதவருக்கும் இது யாருக்குப் போக வேண்டும் என்று தெரிந்துவிடும். நிலம் பற்றிய மனு என்றால் கிராமத்தின் பெயரும் புல எண்ணும் பொருளிலேயே வர வேண்டும். ‘பட்டா சம்பந்தமாக’ என்பது போதாது. பெயர் மாற்றமா, உட்பிரிவா, பரப்பளவில் பிழையா என்று சொல்லிவிட வேண்டும். ‘மிக மிக அவசரம்’ என்று சிவப்பு மையில் எழுதுவதால் பயனில்லை. குவியலில் பாதி மனுக்களில் அது இருக்கும். உண்மையிலேயே அவசரம் என்றால் காரணத்தை எழுதுங்கள். ‘கம்பி பள்ளி வாசலில் தொங்குகிறது’ என்பதே போதும்.

ஒரு மனுவில் ஒரே விஷயம்தான் இருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். குடிநீர், ரேஷன் கடை, சுடுகாட்டுப் பாதை மூன்றையும் ஒரே தாளில் எழுதினால், முதலில் உள்ளதற்கு மட்டும் பதில் வந்து மனு முடிக்கப்பட்டுவிடலாம். கர்நாடகத்தில் தகவல் உரிமை மனுவுக்கு இதை விதியாகவே வைத்திருக்கிறார்கள்: ஒரே விஷயம், சாதாரணமாக 150 வார்த்தைக்குள். தமிழ்நாட்டில் கலெக்டர் மனுவுக்கும் அந்த அளவைப் பின்பற்றினால் நல்லது. மூன்று குறை இருந்தால் மூன்று தாள்.

தகவல் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் கேட்கும்போது ஒரு சலுகை உண்டு. தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும், பிரிவு 6(3)-இன்படி அவர்கள் 5 நாளுக்குள் அதை உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும். ஆனால் ‘ஏன் செய்யவில்லை?’ என்று கேட்டால் பதில் கிடைப்பது அரிது. ‘நான் இந்தத் தேதியில் கொடுத்த மனுவின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை பற்றிய கோப்பின் நகல்’ என்று கேளுங்கள். இருக்கிற ஆவணத்தைத் தர வேண்டியது அவர்கள் கடமை.

பதில் வரவில்லை என்று மறுபடி மறுபடி புது மனு கொடுக்கிறார்கள். ஒவ்வொன்றும் புது எண்ணில் பதிவாகி, பழையதோடு சேராமல் தனித்தனியாகக் கிடக்கும். இரண்டாவது மனுவில் பொருளை முதல் மனுவில் எழுதியபடியே வைத்து, கீழே ‘பார்வை’ என்று போட்டு முந்தைய மனுவின் எண்ணையும் தேதியையும் எழுத வேண்டும். அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தால் அதில் உள்ள கோப்பு எண்ணும் (ந.க. எண்) அங்கேதான் வரும். இதற்காகவே ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். பத்து அலுவலகங்களுக்குத் தனித்தனி மனு போடுவதும் வேண்டாம். சென்னைக்கு அனுப்பினாலும் நில விஷயம் விசாரணைக்கு வருவது பெரும்பாலும் அதே தாலுகா அலுவலகத்துக்குத்தான். மேலே தெரிய வேண்டுமென்றால் கடைசியில் ‘நகல்’ என்று போட்டு யாருக்கெல்லாம் அனுப்பியிருக்கிறீர்கள் என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள். வேலை முடிந்துவிட்டால் அதே எண்ணைக் குறிப்பிட்டு, விளக்கு எரிகிறது, நன்றி என்று ஒரு கடிதம் போடுங்கள்; கோப்பை முடிக்கிறவருக்கு அது உதவும்.