பேரை மறைச்சுக்கிட்டு ஒரு சோலோ ரெக்கார்டு

சோலோ ரெக்கார்டுன்னா பேரு பெருசா வரணும்னுதானே நினைப்போம்? டெபெஷ் மோட் பேண்டில் கீபோர்டு வாசித்த ஆலன் வைல்டர் நேர்மாறு. 1986-ல ‘ரீகாயில்’ங்கிற பேர்ல ‘1 + 2’ வெளியிட்டார். மொத்தமே ரெண்டு டிராக். பேரு ‘1’, ‘2’. அவ்வளவுதான்.

வீட்டில் கேசட் ரெக்கார்டரில் செய்த டெமோ அது. தன் பேண்டோட பாட்டுகளிலிருந்தே சத்தங்களை வெட்டியெடுத்து, திரும்பத் திரும்ப ஓடவிட்டு, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கியிருக்கார்.

பேண்டில் ஒவ்வொரு சத்தமும் பாடகர் குரலுக்கு இடம்விட்டு ஒதுங்கணும். இங்கே சத்தம்தான் ஹீரோ. ஹிட் ஆகணும்ங்கிற கட்டாயமே இல்லை. எனக்கு அந்தச் சுதந்திரம்தான் பிடிச்சிருக்கு.

1995-ல வைல்டர் பேண்டை விட்டு விலகியதும், இந்த ஓரமான வேலையே அவரோட முழுநேர இசையாச்சு. அதே 1986-ல வந்த ‘பிளாக் செலிப்ரேஷன்’ ஆல்பத்தை முதல்ல கேளுங்க. அப்புறம் ஹெட்போன்ல இதைப் போடுங்க.